ஹேண்டிகேப் அசையவில்லை என்றால் ஆட்டம் முன்னேறவில்லை என்று அர்த்தமா?

ஒருவர் எழுதிக் கேட்டிருக்கும் கேள்வி இது. மூன்று வருடமாக கோல்ஃப் ஆடுகிறார். போன வருடம் இதே சமயம் ஹேண்டிகேப் இண்டெக்ஸ், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண் (குறைந்தால் நல்லது), 22.6. இன்று 22.4. கோச்சிடம் கற்றுக்கொண்டது, பயிற்சி ரேஞ்சில் நின்று பந்து அடித்தது எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் 0.2 தானா என்று மனம் விட்டுப்போய்க் கேட்டிருக்கிறார். கூட ஆடும் நண்பர் "பட்ட் மட்டும் எண்ணு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறாராம். பட்ட் என்பது கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், பந்தை உருட்டி அடிப்பது. மோசமான ரவுண்டுகளை (ஒரு ரவுண்டு என்றால் 18 ஹோல், அதாவது 18 குழி) கணக்கில் ஏற்றாமல் விட்டால் இண்டெக்ஸ் உண்மையைக் காட்டும் என்றும் அதே நண்பர் சொல்கிறார். கடைசி 40 ரவுண்டுகளின் டிஃபரன்ஷியல்களையும் (மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பத் திருத்திய ஸ்கோர்) சமீபத்திய ஸ்கோர் கார்டு ஒன்றையும் அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் அனுப்பியதை இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் ஆட்டம் முன்னேறியிருக்கிறது. ஸ்ட்ரோக், அதாவது பந்தை அடிக்கும் எண்ணிக்கை, ரவுண்டுக்கு இரண்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது. அது உங்கள் இண்டெக்ஸில் தெரியவில்லை, அவ்வளவுதான். ஏன் தெரியவில்லை என்பது புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

2020-ல் உலக ஹேண்டிகேப் முறை வந்தது. அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ-வும் ஸ்காட்லாந்தின் கோல்ஃப் விதி அமைப்பான ஆர் அண்ட் ஏ-வும் சேர்ந்து, அதுவரை உலகில் இருந்த ஆறு வெவ்வேறு முறைகளை ஒன்றாக்கின. அதன்படி உங்கள் கடைசி 20 ரவுண்டுகளில் மிகச் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியை இண்டெக்ஸ் என்று வைக்கிறார்கள். மீதி 12 ரவுண்டுகள் எப்படி இருந்தாலும் கணக்கில் வராது. ஒரு மாணவன் எழுதிய 20 பரீட்சைகளில் நல்ல மார்க் வாங்கிய எட்டை மட்டும் கூட்டிச் சராசரி போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. அந்த எண் அவனால் எவ்வளவு வாங்க முடியும் என்று சொல்லும். வழக்கமாக எவ்வளவு வாங்குகிறான் என்று சொல்லாது.

உங்கள் கடைசி 20-ல் சிறந்த எட்டு இவை: 20.1, 21.0, 21.8, 22.2, 22.9, 23.4, 23.8, 24.0. சராசரி 22.4. மீதி பன்னிரண்டும் 24.3-ல் தொடங்கி 30.2-ல் முடிகின்றன. அவற்றின் சராசரி 26.5. இருபதையும் சேர்த்தால் 24.9.

இப்போது அதற்கு முந்தைய 20-ஐப் பாருங்கள். சிறந்த எட்டின் சராசரி 22.6, மீதி பன்னிரண்டின் சராசரி 30.1, மொத்தம் 27.1. உங்கள் நல்ல நாட்கள் போன வருடம் இருந்ததுபோலவே இருக்கின்றன. மோசமான நாட்கள்தான் 30.1-லிருந்து 26.5-க்கு இறங்கியிருக்கின்றன. 110 அடித்துவிட்டு யாரிடமும் பேசாமல் கார் நிறுத்தத்துக்குப் போகும் நாட்கள் இப்போது இல்லை, இல்லையா? கோச்சிடம் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். முதலில் மோசமான ரவுண்டுகள் தேறி வருகின்றன, சிறந்த ரவுண்டுகள் அப்புறம்தான் நகர்கின்றன. இண்டெக்ஸோ அந்த மோசமான ரவுண்டுகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இது முறையின் குறை இல்லை. ஹேண்டிகேப் உருவானது போட்டிக்காக. 5 இண்டெக்ஸ் உள்ளவரும் 25 உள்ளவரும் ஒரே மைதானத்தில் நியாயமாக மோத வேண்டும், அதற்காக 25 உள்ளவருக்கு ஸ்கோரில் அதிக ஸ்ட்ரோக் சலுகை. மோசமான ரவுண்டுகளையும் கணக்கில் சேர்த்தால், வேண்டுமென்றே நாலு முறை கெடுத்து ஆடி அதிக ஸ்ட்ரோக் வாங்கிக்கொண்டு போட்டிக்கு வருவது சுலபமாகிவிடும். அதைத் தடுக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு. கடந்த 365 நாட்களில் உங்கள் மிகக் குறைந்த இண்டெக்ஸ் எதுவோ, அதைவிட 3 கூடினால் அதற்கு மேல் ஏறுவது பாதியாகிவிடும். 5-க்கு மேல் ஏறவே ஏறாது. இறங்குவதற்கு இப்படி எந்தத் தடையும் இல்லை. வழக்கத்தைவிட மிகவும் நல்ல ரவுண்டு ஒன்று ஆடினால், அதாவது டிஃபரன்ஷியல் இண்டெக்ஸைவிட 7 அல்லது அதற்கு மேல் குறைந்தால், கூடுதலாக 1 கழிப்பார்கள். 10 குறைந்தால் 2. இப்படிப் போட்டிக்காகச் செய்த தராசில் நம் பயிற்சியை நிறுத்துப் பார்க்கிறோம். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

இதிலிருந்து வரும் இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. எட்டின் சராசரிதான் இண்டெக்ஸ் என்றால், அந்த எட்டிலேயே ஏறக்குறைய பாதிதான் சராசரியைவிட நன்றாக இருக்கும். ஆக 20 ரவுண்டில் நாலு அல்லது ஐந்து முறைதான் நீங்கள் "ஹேண்டிகேப்புக்கு ஆடுவீர்கள்". மற்ற பதினைந்து முறை ஆடாமல் இருப்பதுதான் இயல்பு. ஒவ்வொரு ஞாயிறும் இண்டெக்ஸை எட்டவில்லை என்று வருந்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சங்கடமாக இருக்கும். யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லவில்லை.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? முதல் எண் நான் மேலே போட்டதுதான், 20 டிஃபரன்ஷியல்களின் முழுச் சராசரி. ஸ்கோரின் சராசரி வேண்டாம். காரணம், 97-ம் 97-ம் ஒன்றல்ல. உங்கள் மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங் 70.1, ஸ்லோப் 121 என்று கார்டில் இருக்கிறது. இரண்டும் மைதானத்தின் கடினத்தைச் சொல்லும் எண்கள், விளக்கம் கீழே. டிஃபரன்ஷியல் கணக்கிட, அடித்ததிலிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும். அங்கே 97 அடித்தால் 25.1 வருகிறது. போன மாதம் வெளியூரில் ரேட்டிங் 72.8, ஸ்லோப் 134 உள்ள மைதானத்தில் 101 அடித்துவிட்டு நொந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் போட்டுப் பாருங்கள்: 23.8. நொந்துபோன அந்த ரவுண்டு, உங்கள் சிறந்த எட்டில் ஒன்று!

இந்த 113 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். ஸ்லோப் என்ற யோசனையை யுஎஸ்ஜிஏ-வில் வளர்த்தெடுத்தவர் டீன் நுத். கோர்ஸ் ரேட்டிங் என்பது ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ள ஆட்டக்காரர் அந்த மைதானத்தில் எவ்வளவு அடிப்பார் என்ற மதிப்பீடு. நம்மைப்போல 20 சுற்றி இருப்பவர் அங்கே எவ்வளவு அடிப்பார் என்பதற்குத் தனியாக போகி ரேட்டிங் உண்டு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஆண்களுக்கு 5.381-ஆல் பெருக்கினால் வருவது ஸ்லோப். 55 முதல் 155 வரை இருக்கும், 113 நடுத்தரம். மைதானம் நல்ல ஆட்டக்காரரைவிட நம்மை எவ்வளவு அதிகமாக வாட்டும் என்பதை அது சொல்கிறது. தண்ணீரைத் தாண்டி 180 கஜம் பறக்க அடிக்க வேண்டிய ஹோல் அவருக்கு ஒன்றுமே இல்லை, நமக்கு அப்படியில்லை. அதனால்தான் உங்கள் 22.4 உங்கள் மைதானத்தில் 22 ஸ்ட்ரோக்காகவும், அந்த வெளியூர் மைதானத்தில் 27 ஸ்ட்ரோக்காகவும் மாறுகிறது. பார், அதாவது மைதானத்துக்கு நிர்ணயித்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை, இரண்டிலும் 72 என்று வைத்துத்தான் சொல்கிறேன்.

முழுச் சராசரியைப் பார்க்கும்போதும் அவசரம் கூடாது. ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் மூன்று ஸ்ட்ரோக் போல ஏறி இறங்குவது உங்கள் பட்டியலில் சாதாரணமாக இருக்கிறது. அப்படி இருக்கும்போது ஐந்து ரவுண்டின் சராசரி, ஆட்டத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒன்றேகால் ஸ்ட்ரோக் அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடும். இருபது ரவுண்டின் சராசரி முக்கால் ஸ்ட்ரோக்குக்கு உள்ளேதான் ஆடும். ஐந்து ரவுண்டைப் பார்த்துவிட்டுக் மட்டையைப் பிடிக்கும் கிரிப்பை மாற்றுவது, டிரைவர் மட்டையை விற்பது எல்லாம் காற்றுக்கு ஏற்றபடி வீட்டின் வாசலை மாற்றுவதுபோல. 20-ஐ 20-உடன் ஒப்பிடுங்கள். உங்கள் 27.1-லிருந்து 24.9 என்ற இறக்கம் அப்படி ஒப்பிட்டு வந்தது. அதனால்தான் அதை நம்பிச் சொல்கிறேன்.

இனி பட்டுக்கு வருவோம். உங்கள் நண்பர் சொன்னது மிகப் பழைய அறிவுரை, நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பட்டுகளின் மொத்த எண்ணிக்கை மாதிரி ஆளை ஏமாற்றும் எண் கோல்ஃபில் இன்னொன்று கிடையாது. 18 ஹோலிலும் கிரீனைத் தவறவிட்டு, பக்கத்திலிருந்து சிப் செய்து (பந்தைக் குட்டையாகத் தூக்கி அடித்து) நாலடிக்கு வைத்து, ஒரு பட்டில் முடித்துக்கொண்டே போனால் 25 பட்டில்கூட ரவுண்டு முடியும். அது சிப்பிங்கின் பெருமை, பட்டிங்கின் பெருமை இல்லை. 14 கிரீன்களை உரிய ஸ்ட்ரோக்கில் எட்டி, ஒவ்வொன்றிலும் நாற்பதடியிலிருந்து இரண்டு பட்டில் முடித்தவருக்கு 34 வரும். அவர்தான் அன்று நன்றாகப் பட்ட் செய்தவர்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருக்கும் மார்க் பிராடி. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரில் ஒவ்வொரு ஷாட்டையும் அளந்து பதிவு செய்யும் ஷாட்லிங்க் தரவை வைத்து, எந்தத் தூரத்திலிருந்து, எந்தத் தரையிலிருந்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக்கில் முடிக்கிறார் என்று பட்டியல் போட்டார். எட்டடியிலிருந்து 1.50. இருபதடியிலிருந்து 1.87. ஃபேர்வேயில் (ஒழுங்காக வெட்டிய புல்தடத்தில்) 160 கஜத்திலிருந்து 2.98, அதே தூரம் ரஃபில் (அதன் ஓரத்து உயரப் புல்லில்) என்றால் 3.23. 400 கஜ ஹோலின் டீயிலிருந்து (தொடக்க இடத்திலிருந்து) 3.99. ஒரு ஷாட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் இந்த எண்களின் வித்தியாசத்தில், அடித்த ஒரு ஸ்ட்ரோக்கைக் கழித்தால் அந்த ஷாட் எவ்வளவு சம்பாதித்தது அல்லது எவ்வளவு இழந்தது என்று தெரிந்துவிடும். இதற்கு ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் என்று பெயர். 2011-ல் பிஜிஏ டூரே பட்டிங்குக்கு இதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது.

ஒரு ஹோலை எடுத்துப் பார்ப்போம். 400 கஜம், டிரைவ் (டீயிலிருந்து அடித்த முதல் ஷாட்) ஃபேர்வேயில் 160 கஜம் மிச்சம் வைத்தது: 3.99-லிருந்து 2.98 போக 1.01, அதில் ஒன்று போக +0.01. அடுத்த ஷாட் கிரீனில் இருபதடிக்கு வந்தது: +0.11. இரண்டு பட்டில் முடிந்தது: -0.13. பார் எடுத்திருக்கிறோம், நஷ்டம் பட்டில், லாபம் அயர்னில் (கிரீனை நோக்கி அடித்த மட்டையில்) என்று தனித்தனியாகத் தெரிகிறது. இருபதடியிலிருந்து இரண்டு பட்ட் எடுத்ததற்கு வருந்த எதுவும் இல்லை என்பதும் தெரிகிறது. எட்டடியிலிருந்தே டூர் ஆட்டக்காரர்கள் பாதி முறைதான் போடுகிறார்கள். 90 சுற்றி அடிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு பாதி முறை போடும் தூரம் ஐந்தடி.

பிராடியின் கணக்கில் என்னை அதிகம் மாற்றியது வேறொன்று. நன்றாக ஆடுகிறவருக்கும் சுமாராக ஆடுகிறவருக்கும் இடையே உள்ள ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்களில்தான் வருகிறது. பட்டிங் கிரீனில் தினமும் ஒரு மணி நேரம் செலவழித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இது யாரும் சொல்லாத விஷயம். என் இண்டெக்ஸ் 17-ல் இரண்டு வருடம் நின்றிருந்தது. டீ ஷாட்டின் பக்கம் நேரத்தைத் திருப்பிய பிறகுதான் நகர்ந்தது.

உங்கள் கார்டுக்கு வருகிறேன். ரவுண்டுக்குச் சராசரியாக 3 கிரீன், 35 பட்ட், ஸ்கோர் 97 என்று எழுதியிருக்கிறீர்கள். லூசியஸ் ரிச்சியோ என்பவர் சாதாரண ஆட்டக்காரர்களின் கணக்குகளை ஆராய்ந்து சொன்ன ஒரு எளிய வாய்ப்பாடு உண்டு: 95-லிருந்து, எட்டிய கிரீன்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக் கழியுங்கள், ஸ்கோர் தோராயமாக அங்கே இருக்கும். 3 கிரீன் என்றால் 89. நீங்கள் 97. எட்டு ஸ்ட்ரோக் எங்கேயோ ஒழுகுகிறது. 35 பட்ட் என்பது 97 அடிப்பவருக்கு மோசமே இல்லை, அதனால் ஒழுகல் அங்கே இல்லை.

அந்தக் கார்டிலேயே விடை இருக்கிறது. 5-ஆவது ஹோலிலும் 14-லும் டிரைவ் எல்லைக்கு வெளியே (ஓபி) போயிருக்கிறது. 11-ல் பந்து தண்ணீரில். எல்லைக்கு வெளியே போன டிரைவ் என்றால் அபராதம் ஒன்று, திரும்ப அதே டீயிலிருந்து அடிக்க வேண்டும். ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் கணக்கில் துல்லியமாக -2. ஆட்டக்காரர் யாராக இருந்தாலும், ஹோல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இரண்டுதான். இரண்டு ஓபி நாலு ஸ்ட்ரோக், தண்ணீர் ஒன்றுக்கும் கொஞ்சம் மேல். ஒரே ரவுண்டில் ஐந்து ஸ்ட்ரோக்குக்கு மேல், பட்ட் மட்டையான பட்டரைத் தொடாமலே போய்விட்டது. ஒரு மாதம் முழுக்கப் பட்டிங் பழகினாலும் ரவுண்டுக்கு ஐந்து ஸ்ட்ரோக் மிச்சமாகாது.

ஒரு எச்சரிக்கை. ஹேண்டிகேப்புக்குக் கார்டு ஏற்றும்போது, ஒரு ஹோலுக்கு அதிகபட்சம் நெட் டபுள் போகி வரைதான் எடுப்பார்கள்: பார், கூட இரண்டு, கூட அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக். உங்களுக்கு 22 ஸ்ட்ரோக் என்பதால் மிகக் கடினமான நாலு ஹோலில் இரண்டிரண்டும், மற்ற பதினாலில் ஒவ்வொன்றும் கிடைக்கும். அந்த 5-ஆவது ஹோல் பார் 4, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (கடினத்தில் எத்தனையாவது என்ற எண்) 10. நீங்கள் அடித்தது 9, கணக்கில் ஏறியது 7. ஹேண்டிகேப்புக்கு அது சரி, ஒரு ஹோல் ஒரு ரவுண்டையே கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் உங்கள் சொந்தக் கணக்கில் 9 என்றே எழுதிவையுங்கள். ஹேண்டிகேப் ஆப்பில் இருப்பதை மட்டும் பார்த்தால், எந்த ஹோல்கள் உங்களைக் கவிழ்க்கின்றனவோ அவைதான் மழுங்கித் தெரியும்.

என்ன எழுதுவது? ஆளுக்கு ஆள் முப்பது எண் எழுதச் சொல்வார்கள், மூன்றாவது வாரம் நோட்டு காணாமல் போய்விடும். உங்கள் நிலைக்கு நாலு போதும். ஒவ்வொரு ஹோலிலும் அபராத ஸ்ட்ரோக் எத்தனை. கிரீனை உரிய ஸ்ட்ரோக்கில் எட்டினீர்களா, அதாவது பாருக்கு இரண்டு குறைவாகவோ அதற்கும் முன்போ. கிரீனுக்கு 30 கஜத்துக்குள் வந்த பிறகு முடிக்க எத்தனை ஸ்ட்ரோக். முதல் பட்டின் தூரம். இந்தக் கடைசி எண்ணுக்குக் கருவி எதுவும் வேண்டாம். பந்திலிருந்து ஹோல் வரை எப்படியும் நடந்து பார்ப்பீர்கள், தப்படியை எண்ணுங்கள். ஒரு தப்படி மூன்றடி என்று வைத்துக்கொண்டால் போதும். முதல் பட்டின் தூரம் தெரிந்தால்தான் மூன்று பட்ட் எடுத்தது பட்டரின் குற்றமா, பதினைந்து தப்படிக்கு அப்பால் பந்தை நிறுத்திய அயர்னின் குற்றமா என்று பிரித்துப் பார்க்க முடியும். பட்ட் எண்ண வேண்டும் என்ற உங்கள் நண்பரின் ஆசையும் இதில் நிறைவேறிவிடும்.

ஃபேர்வே எத்தனை பிடித்தீர்கள் என்பதை நான் எழுதச் சொல்லவில்லை. ஃபேர்வேயிலிருந்து ஒரு கஜம் விலகி நின்ற பந்தும், பக்கத்துச் சுவரைத் தாண்டிப் போன பந்தும் அதில் ஒரே "இல்லை". முன்னதன் விலை கால் ஸ்ட்ரோக், பின்னதன் விலை இரண்டு. அபராதக் கட்டம் இருந்தால் இந்தக் கட்டம் தேவையில்லை.

பட்ட் கணக்கை எழுதுவதாக இருந்தால் "கிவ்" வாங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு ஆடும்போது மூன்றடியைக் கையால் தட்டிவிட்டு "எடுத்துக்கோ" என்பது வழக்கம்தான். மூன்றடியிலிருந்து டூர் ஆட்டக்காரர்களே நூற்றுக்கு நாலு முறை தவறவிடுகிறார்கள். நாம் தவறவிடுவது அதைவிட அதிகம். கொடுத்த பட்டுகளைப் போட்டதாக எழுதினால், போட்டியன்று எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும்போது உங்கள் கணக்கே உங்களுக்கு அந்நியமாகத் தெரியும்.

மோசமான ரவுண்டை ஏற்றாமல் விடும் யோசனைக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். விதிப்படி ஏற்றத்தக்க ரவுண்டுகள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும், அது கூட ஆடுகிறவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை. அதையும் தாண்டி, விட்டால் உங்களுக்கே நஷ்டம். 20 என்பது நகரும் வரிசை. புதிய ரவுண்டு ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போகும். மோசமானதை விட்டுவிட்டால், பழைய ஒரு நல்ல ரவுண்டு வெளியேறாமல் வரிசையிலேயே தங்கி, இண்டெக்ஸைச் செயற்கையாகக் கீழே பிடித்து வைத்திருக்கும். போட்டியில் உங்களுக்கு வர வேண்டிய ஸ்ட்ரோக் வராது. எல்லாவற்றையும்விட, உங்கள் முன்னேற்றம் இந்த வருடம் தெரிந்ததே அந்த மோசமான பன்னிரண்டில்தான். அவற்றை ஏற்றாமல் விட்டிருந்தால் 30.1 எப்படி 26.5 ஆனது என்று நான் உங்களுக்குக் காட்டியிருக்கவே முடியாது.

அடுத்த 20 ரவுண்டுக்கு ஒரே ஒரு எண்ணைக் குறிவையுங்கள்: ரவுண்டுக்கு அபராத ஸ்ட்ரோக். இப்போது மூன்று சுற்றி இருக்கும் என்று உங்கள் கார்டை வைத்து ஊகிக்கிறேன். அதை ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். ஓபி இருக்கும் ஹோல்களில் டிரைவருக்குப் பதிலாகத் தூரம் குறைவாகப் போகும் 5 வுட்டோ ஹைப்ரிடோ எடுங்கள். 400 கஜ ஹோலில் முப்பது கஜம் குறைவாகப் போவதால் ஆகும் நஷ்டம் ஸ்ட்ரோக்கில் ஒரு சிறு பின்னம்தான், எல்லையைத் தாண்டினால் முழுதாக இரண்டு. கோச்சிடமும் இந்தக் கார்டைக் காட்டி, பந்து எந்தப் பக்கம் வெளியே போகிறது என்று சேர்ந்து பாருங்கள். 5-லும் 14-லும் வலப்பக்கம் என்று அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். இரண்டே ஷாட்டை வைத்து ஸ்லைஸ் (வலப்பக்கம் வளையும் ஷாட்) என்று முடிவுகட்ட மாட்டேன். பத்து ரவுண்டுக்கு அந்த அம்புக்குறியைப் போட்டுக்கொண்டு வாருங்கள், அவருக்கு வேலை எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அபராதம் ஒன்றுக்கு இறங்கிய பிறகு 30 கஜத்துக்குள் எடுக்கும் ஸ்ட்ரோக்கின் சராசரியை எனக்கு அனுப்புங்கள். அடுத்து எதைத் தொடுவது என்பதை அதை வைத்துப் பேசுவோம்.